கேட் இயங்கும்போது பாதுகாப்பு எங்கே போகிறது?

கேள்வி: அரைச்சுழல்

வணக்கம். இயற்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுத்திட்டத்துக்கு, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்டில் ஒரு வகையான பூனை க்யூபிட்டை எடுத்திருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மீக்கடத்தி ஒத்ததிர்வியில், ஒன்றுக்கொன்று நேர் எதிர்க்கட்டத்தில் ஆடும் இரண்டு அலைநிலைகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று கூட்டல் ஆல்ஃபா, மற்றது கழித்தல் ஆல்ஃபா. இவைதான் நமது 0, 1. ஃபோட்டான்களை இரண்டிரண்டாகச் செலுத்தி, இரண்டிரண்டாகவே வெளியேற்றினால், அமைப்பு தானாகவே இந்த இரண்டு நிலைகளுக்குள் வந்து அமர்கிறது. சராசரி ஃபோட்டான் எண்ணிக்கை கூடக்கூட, 0-வும் 1-உம் இடம் மாறிவிடும் பிட் புரட்டல் அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள குறி மாறிவிடும் கட்டப் புரட்டல் மட்டும் நேர்விகிதத்தில் கூடுகிறது. ஒரு வகைப் பிழை அநேகமாக ஒழிந்துவிடுவதால், மிஞ்சிய ஒரு வகைக்கு மட்டும் எளிய குறிமுறை போதும் என்பது திட்டம்.

சும்மா வைத்திருக்கும்வரை என் பைத்தான் நிரலில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே வருகிறது. கேட், அதாவது க்யூபிட்டின் மேல் ஒரு கணக்குச் செயல், போட்டதும் கெடுகிறது. முதலில் க்யூபிட்டை வெறும் இரண்டு நிலை அமைப்பாக எடுத்துக்கொண்டு, கட்டுப்பாட்டு க்யூபிட் 1 ஆக இருந்தால் இலக்கு க்யூபிட்டை எக்ஸ் அச்சில் அரைச்சுற்று சுழற்றினேன். அதாவது சாதாரண சிநாட் கேட். சுழற்சியின் நடுவில் கட்டப் புரட்டல் வந்தால், முடிவில் அது பிட் புரட்டலாக மாறி நிற்கிறது. இத்தனை பாடுபட்டு ஒழித்த பிழை கேட்டின் வழியாகவே திரும்பி வந்துவிடுகிறது.

பிறகு ஒத்ததிர்வியை அதன் எல்லா நிலைகளோடும் முழு அலையியற்றியாக வைத்துச் செய்தேன். இம்முறை பிட் புரட்டல் வரவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு க்யூபிட்டின் கட்டப் புரட்டல் ஏறத்தாழ 2.5 சதவீதத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஒற்றை ஃபோட்டான் இழப்பு வீதம், இரட்டை ஃபோட்டான் வெளியேற்ற வீதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்திருக்கிறேன். ஃபோட்டான் எண்ணிக்கையை 4-இலிருந்து 16 வரை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் கேட்டின் கால அளவைத் தனித்தனியாகச் சரிசெய்தேன். எப்படிப் புரட்டினாலும் அதே 2.5.

இதற்கு அடியில் ஒரு பெரிய சந்தேகமும் இருக்கிறது. பாதுகாப்பு என்றால் வெளியுலகம் க்யூபிட்டைத் தொட முடியாது என்று பொருள். கேட் என்றால் நாம் வெளியிலிருந்து தொடுகிறோம் என்று பொருள். அப்படியானால் பாதுகாக்கப்பட்ட கேட் என்ற சொல்லே தனக்குத்தானே முரண்படுகிறதா?

---

பழைய ரிசீவர்

தம்பி, நான் தொலைத்தொடர்புத் துறையில் நுண்ணலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் துறையை வெளியிலிருந்துதான் படிக்கிறேன். அனுபவத்தில் ஒன்று தோன்றுகிறது.

துடிப்பின் வடிவத்தை மாற்றிப் பார்த்தீர்களா? டிரான்ஸ்மான் என்ற வழக்கமான மீக்கடத்தி க்யூபிட்டில் இதே போன்ற சிக்கல் வந்தது. அதன் மூன்றாம் நிலை வெகு அருகில் இருப்பதால், வேகமாகத் துடிப்பு கொடுத்தால் நிகழ்தகவு அங்கே கசிந்துவிடும். 2009-இல் துடிப்பின் வகைக்கெழுவை இன்னொரு கட்டத்தில் சேர்த்துக் கொடுக்கும் உத்தி வந்தது. அதோடு கசிவு பெருமளவு அடங்கியது. உங்கள் கேட்டையும் சதுரமாக ஆரம்பித்துச் சதுரமாக நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாக்கிப் பாருங்கள்.

---

குளிரூட்டிக்காரி

அரைச்சுழல், உங்கள் நிரலில் தவறு இல்லை. இரண்டு முடிவுகளும் சரியானவை. முதல் முடிவை நீங்கள் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் இந்தத் துறையின் திறவுகோல். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு நிலை அமைப்பில் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். இலக்கு க்யூபிட் எக்ஸ் அச்சில் 180 பாகை சுழல வேண்டும். 90 பாகை சுழன்றதும் ஒரு கட்டப் புரட்டல், அதாவது இசட் பிழை வருகிறது. இசட்டும் எக்ஸும் இடம் மாறினால் குறி மாறும். எனவே இசட்டைத் தாண்டிய பிறகு மீதி 90 பாகைச் சுழற்சி எதிர்த்திசைச் சுழற்சிக்குச் சமமாகிவிடுகிறது. முன்னே 90, பின்னே 90. தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. புரள வேண்டிய பிட் புரளவே இல்லை. துடிப்பை எவ்வளவு நுட்பமாகச் செதுக்கினாலும் இது போகாது, ஏனென்றால் குறை துடிப்பில் இல்லை. 0-க்கும் 1-க்கும் நடுவே இரண்டு நிலை அமைப்பில் வேறு பாதையே கிடையாது.

அலையியற்றியில் பாதை உண்டு. ராட்டினத்தில் எதிரெதிரே இரண்டு இருக்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம் அரைச்சுற்று சுற்றினால் இருக்கைகள் இடம் மாறிவிடும். ஆனால் எந்தக் கணத்திலும் அவை ஒன்றையொன்று நெருங்குவதில்லை. கூட்டல் ஆல்ஃபாவும் கழித்தல் ஆல்ஃபாவும் கட்டத்தளத்தில் அப்படித்தான் சுற்றுகின்றன. நடுவழியில் ஒரு ஃபோட்டான் தப்பிப் போனால் என்ன ஆகும்? இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள குறி மாறும். அவ்வளவுதான். ராட்டினம் திரும்பிச் சுற்றாது. பிட் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே போய்ச் சேரும், கட்டப் பிழை கட்டப் பிழையாகவே நிற்கும். 2019-இல் கிய்யோ, மிர்ராஹிமி இருவரும், 2020-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்ருதி பூரியும் அவருடன் எழுதியவர்களும் இதைத் தெளிவாக்கினார்கள். பிழைச் சாய்வு, அதாவது ஒரு வகைப் பிழை மட்டுமே மிஞ்சும் தன்மை, கெடாத சிநாட் கேட் இரண்டு நிலை அமைப்புக்குள் இயலாது, அலையியற்றியின் விரிந்த வெளியைப் பயன்படுத்தினால் இயலும். முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று. ஃபோட்டான்களை இரண்டிரண்டாகச் செலுத்தும் பம்ப் அலை கட்டுப்படுத்துவது ஆல்ஃபாவின் வர்க்கத்தை. பம்ப்பின் கட்டத்தை ஒரு முழுச்சுற்று சுற்றினால் ஆல்ஃபா அரைச்சுற்று சுற்றும். முழுச்சுற்று முடிந்ததும் பம்ப் தொடங்கிய நிலைக்கே வந்துவிட்டது. எனவே முடிவுப்புள்ளி ஆணி அடித்தது போல் நிற்கிறது. டிரான்ஸ்மானில் துடிப்பின் வீச்சு ஒரு சதவீதம் தவறினால் சுழற்சியும் ஒரு சதவீதம் தவறும். இங்கே நடுவழியில் பம்ப் கொஞ்சம் தடுமாறினாலும், கொஞ்சம் தாமதித்தாலும், அரைச்சுற்று அரைச்சுற்றுதான். சிநாட்டில் கட்டுப்பாட்டு க்யூபிட் 0 ஆக இருந்தால் இலக்கின் ராட்டினம் நிற்கும், 1 ஆக இருந்தால் சுற்றும்.

இப்போது உங்கள் 2.5 சதவீதம். இலக்கு சுற்றும்போது நிலைநிறுத்தும் பொறியமைப்பு அதைத் துரத்திக்கொண்டே வர வேண்டும். வேகமாகச் சுற்றினால் இலக்கு கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கியதை இழுத்துச் சேர்க்கும்போது வெளியேறும் ஃபோட்டான்கள் சூழலுக்கு ஒரு சேதி சொல்லிவிடுகின்றன: இங்கே ராட்டினம் சுற்றுகிறது என்று. சுற்றுகிறது என்றால் கட்டுப்பாட்டு க்யூபிட் 1. சூழல் அதைத் தெரிந்துகொண்டால் கட்டுப்பாட்டு க்யூபிட்டின் கட்டம் கெடும். நீங்கள் கண்டது இதுதான். இந்தப் பிழை ஃபோட்டான் எண்ணிக்கைக்கும் கேட்டின் காலத்துக்கும் எதிர்விகிதத்தில் போகும். மறுபுறம், மெதுவாகச் சுற்றினால் அதற்குள் ஒற்றை ஃபோட்டான் இழப்பு சேரும். அது ஃபோட்டான் எண்ணிக்கைக்கும் காலத்துக்கும் நேர்விகிதம். இரண்டையும் கூட்டிச் சிறும மதிப்பைத் தேடினால் ஃபோட்டான் எண்ணிக்கை முற்றிலும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது இரண்டு வீதங்களின் விகிதத்துடைய வர்க்கமூலம், அதன் முன்னே பையில் (π) நாலில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒன்றின் வர்க்கமூலம் 0.0316. பெருக்கிப் பாருங்கள், உங்கள் 2.5 வந்துவிடும்.

ஆகவே ஃபோட்டானைக் கூட்டிப் பயனில்லை. விகிதத்தைக் குறையுங்கள். நூறு மடங்கு குறைத்தால் பிழை பத்து மடங்கு குறையும். வர்க்கமூலம் கொடுமையானது. ஆய்வகத்தில் அந்த நூறு மடங்கு என்பது பல ஆண்டு உழைப்பு.

ரிசீவர் ஐயா சொன்னதையும் ஒதுக்கிவிடாதீர்கள். கெர் வகைப் பூனை க்யூபிட்டுகளுக்கு இதே வகைத் திருத்தத் துடிப்புகளை 2022-இல் முன்வைத்திருக்கிறார்கள். அங்கே நிலைநிறுத்துவது ஆற்றல் இடைவெளி, ஃபோட்டான் வெளியேற்றம் அன்று. அதனால் கசிவைத் துடிப்பால் அடக்க இடம் இருக்கிறது. உங்கள் மாதிரியில் கசிவு சூழலுக்குள் போய்விடுகிறது. போனதைத் துடிப்பால் திருப்பி வாங்க முடியாது.

உங்கள் பெரிய சந்தேகத்துக்கு என் பதில்: முரண் இல்லை. இரைச்சல் எப்போதும் சின்னச்சின்னதாகத்தான் தள்ளும். ஓரிடத்தில் கொஞ்சம், ஒரு ஃபோட்டான், ஒரு சிறு நகர்வு. பாதுகாப்பு என்பது அந்தச் சின்னத் தள்ளல்களுக்கு எதிரானது. கேட் செய்வது பெரிய, ஒழுங்கான, முன்கூட்டியே வகுத்த ஒரு பயணம். அப்படிப்பட்ட பயணம் இரைச்சலுக்குத் தற்செயலாக வாய்க்காது. கேட்டை வடிவமைக்கும்போது பிழை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பிழை எங்கே போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். நான் பார்க்கும் ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த ஒரு கேள்விக்குத்தான் முதலில் பதில் தேடுகிறேன்.

---

அரைச்சுழல்

அக்கா, மிக்க நன்றி. நேற்றிரவே விகிதத்தை லட்சத்தில் ஒன்றாக மாற்றி ஓட்டினேன். ஏறத்தாழ 0.25 சதவீதம் வந்தது. வர்க்கமூலம் கண்முன்னே தெரிந்தது.

முன்னே 90, பின்னே 90 என்பதையும் அணிகளைப் பெருக்கிச் சரிபார்த்துவிட்டேன்.

இன்னொன்று கேட்கலாமா? ஜீரோ-பை என்ற இன்னொரு மீக்கடத்தி க்யூபிட்டில் இரண்டு வகைப் பிழைக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறார்கள். அங்கே ராட்டினமும் இல்லை, பம்ப்பும் இல்லை. அப்படியானால் அங்கே கேட் எந்தப் பாதையில் போகிறது? புரூக்ஸ், கிட்டேவ், பிரெஸ்கில் மூவரும் 2013-இல் எழுதிய கட்டுரையைத் திறந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே சீப்பு போன்ற அலைச்சார்புகள் வந்துவிட்டன. அதற்கு மேல் புரியவில்லை.

---

குளிரூட்டிக்காரி

அந்தச் சீப்பைக் கையால் வரைந்து பார்த்தால் ஒழிய யாருக்கும் புரியாது. எனக்கும் அப்படித்தான் புரிந்தது. கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜீரோ-பை சுற்றில் இரண்டு ஜோசப்சன் சந்திகள் (இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் படலம்), இரண்டு பெரிய மின்தூண்டிகள், இரண்டு பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. க்யூபிட்டின் ஒரு நிலையில் மீக்கடத்திக் கட்டம் 0-வைச் சுற்றி அடங்கியிருக்கும், மறு நிலையில் பையைச் சுற்றி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிவதே இல்லை, அதனால் பிட் புரட்டல் அரிது. இன்னொரு திசையில் அலைச்சார்பு நன்றாகப் பரந்துகிடக்கிறது, அதனால் சிறு இரைச்சலால் இரண்டு நிலைகளின் ஆற்றல் வேறுபடுவதும் அரிது.

இப்போது கேட். பக்கத்தில் ஒரு சாதாரண அலையியற்றி: ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி. அதற்கும் க்யூபிட்டுக்கும் நடுவே திறந்து மூடக்கூடிய ஒரு ஜோசப்சன் இணைப்பு. இணைப்பைத் திறந்ததும் அலையியற்றியின் பரந்த அலை, பள்ளம் பள்ளமாகப் பிரிந்து சீப்பாகிறது. க்யூபிட் 0-வில் இருந்தால் சீப்பின் பற்கள் பையின் இரட்டைப்படை மடங்குகளில் விழும்: 0, 2, 4, 6. பையில் இருந்தால் ஒற்றைப்படையில்: 1, 3, 5. இடப்பக்கம் எதிர்மறையிலும் அப்படியே.

இந்த நிலையில் மின்தூண்டியின் ஆற்றல் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டம் பல் நிற்கும் இடத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். இரண்டாம் எண்ணில் நிற்கும் பல் சரியாக ஒரு முழுச்சுற்று சுற்றும்வரை காத்திருந்து இணைப்பை மூடுங்கள். அந்த நேரத்தில் எந்தப் பல்லும் சுற்றிய சுற்று, அதன் எண்ணின் வர்க்கத்தை நாலால் வகுத்தது. எழுதிப் பாருங்கள். 4-இன் வர்க்கம் 16, நாலு சுற்று, மீதி இல்லை. 6-இன் வர்க்கம் 36, ஒன்பது சுற்று, மீதி இல்லை. ஒற்றைப்படைக்கு வாருங்கள். 1-க்குக் கால் சுற்று. 3-இன் வர்க்கம் 9, இரண்டே கால். 5-இன் வர்க்கம் 25, ஆறே கால். 7-இன் வர்க்கம் 49, பன்னிரண்டே கால். எத்தனையாவது பல் என்றாலும் அதே கால்! ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை நாலால் வகுத்தால் மீதி ஒன்று என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் கணக்குதான் இங்கே கேட்டாக நிற்கிறது. முழுச்சுற்றுகள் எண்ணிக்கையில் சேராது. க்யூபிட் பையில் இருந்தால் கால் சுற்றுக் கட்டம், 0-வில் இருந்தால் ஒன்றுமில்லை.

நேரம் கொஞ்சம் தவறினால்? ஒவ்வொரு பல்லின் கட்டமும் கொஞ்சம் தவறும். ஆனால் அந்தத் தவறு பற்களின் வரிசை முழுவதும் ஒரே வழுவழுப்பான வளைகோடாகப் பரவுகிறது. பற்கள் நிறைய இருந்தால், ஒற்றைப்படைப் பற்களும் இரட்டைப்படைப் பற்களும் அந்த ஒரே வளைகோட்டைத்தான் மாதிரி எடுக்கின்றன. இரண்டின் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், வித்தியாசம் அடுக்குக்குறி அளவில் சிறியது. எனவே க்யூபிட்டுக்குத் தவறே தெரியாது. தவறு முழுவதும் அலையியற்றியின் அசைவாக மாறிவிடுகிறது. அலையியற்றியைக் குளிர்வித்துக் காலி செய்துவிட்டு அடுத்த கேட்டுக்குப் போகலாம். பிழை எங்கே போகிறது என்று கேட்கச் சொன்னேனே, இங்கே அது குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

பற்கள் நிறைய வேண்டும் என்றால் அலை பரந்திருக்க வேண்டும். அலை பரந்திருக்க அலையியற்றியின் மின்னெதிர்ப்பு (impedance) பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக? சுமார் 1 கிலோ ஓமைவிட மிகப் பெரிதாக என்பது அந்தக் கட்டுரையின் நிபந்தனை. வெற்று வெளியின் மின்னெதிர்ப்பே 377 ஓம்தான். சாதாரணக் கம்பிச் சுருளைச் சுற்றினால் சுருளோடு ஒட்டிக்கொண்டு வரும் மின்தேக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால்தான் ஜோசப்சன் சந்திகளைச் சங்கிலியாகக் கோக்கிறார்கள். 2009-இல் யேலில் செய்த முதல் ஃப்ளக்ஸோனியம் க்யூபிட்டில் 43 சந்திகள் வரிசையாக இருந்தன.

இந்த வழியில் எல்லா கேட்டுகளும் கிடைக்காது. கால் சுற்றுக் கட்டமும், இரண்டு க்யூபிட்டுகளுக்கு இடையே அதே வகையும் கிடைக்கும். அரைக்கால் சுற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது. அதற்கு இரைச்சல் மிகுந்த நிலைகளைத் தயாரித்து வடிகட்டி எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது, பிராவியும் கிட்டேவும் 2005-இல் சொன்னது.

---

பழைய ரிசீவர்

ஒற்றைப்படை வர்க்கக் கணக்கைப் பேத்தியிடம் போட்டுக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பு. 9-க்கு இருபதே கால் சுற்று என்று அவளே சொல்லிவிட்டாள். நன்றி அம்மா.

பொறியாளனாக ஒன்று கேட்கிறேன். இதெல்லாம் தாளில் இருக்கிறது. குளிரூட்டிக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? சாதாரண டிரான்ஸ்மானையே நன்றாகச் செய்து, எண்ணிக்கையைப் பெருக்கினால் போதாதா?

---

குளிரூட்டிக்காரி

நியாயமான கேள்வி ஐயா. டிரான்ஸ்மானைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. 2024-இல் கூகுள் 105 க்யூபிட் சில்லில், பல க்யூபிட்டுகளைச் சேர்த்து ஒரே தருக்கக் க்யூபிட்டாக்கும் குறிமுறையின் தூரத்தை, அதாவது அளவை, இரண்டு கூட்டும்போதெல்லாம் தருக்கப் பிழை இரண்டு மடங்குக்கு மேல் குறைவதைக் காட்டியது. அந்த வழி நடக்கிறது. ஆனால் அங்கே ஒரே ஒரு தருக்கக் க்யூபிட்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட க்யூபிட்டுகள் செலவாயின. ஒவ்வொன்றுக்கும் கம்பி வேண்டும், ஒவ்வொரு கம்பியும் மில்லிகெல்வின் தட்டுக்கு வெப்பத்தைக் கொண்டுவரும். வன்பொருளே ஒரு பிழையை விழுங்கிவிட்டால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும். நான் இந்தப் பக்கம் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஜீரோ-பை இன்னும் தாளுக்கு அருகில்தான் இருக்கிறது. 2021-இல் பிரின்ஸ்டன் குழு அதன் மென்மையான, அதாவது நிபந்தனைகளை முழுதும் எட்டாத, வடிவம் ஒன்றைச் செய்துகாட்டியது. தளர்வு நேரம், அதாவது பிட் நிலைத்திருக்கும் நேரம், 1.6 மில்லி நொடி; கட்டம் நிலைத்திருக்கும் நேரம், எதிரொலி முறையில் அளந்தது, 25 மைக்ரோ நொடி. கேட்டுக்கு அவர்கள் சீப்பு வழியில் போகவில்லை. உயர் நிலைகள் வழியாகப் பல நுண்ணலைகளைச் சேர்த்துச் சுற்றிவந்தார்கள். அந்த உயர் நிலைகளில் இருக்கும் நேரத்தில் பாதுகாப்பு கிடையாது. மிகப் பெரிய மின்னெதிர்ப்பும், ஒட்டிக்கொண்டு வரும் மின்தேக்கம் மிகச் சிறிதாக இருப்பதும் ஒரே சில்லில் ஒன்றுசேர்வது அவ்வளவு கடினம்.

பூனை க்யூபிட் வேகமாக முன்னேறுகிறது. அதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கு அதுதான் நேரடிப் பதில்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஆய்வகத்தில் ஒரு பூனை க்யூபிட்டின் பிட் புரட்டல் நேரத்தை அளந்துகொண்டிருந்தோம். பம்ப்பைக் கூட்டக்கூட வரைபடத்தில் புள்ளிகள் மடக்கைத் தாளில் நேர்கோடாக ஏறின. இரண்டு ஃபோட்டான், மூன்று, நான்கு. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத கோடு. பிறகு ஒரு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது. அடுத்தது அதன் பக்கத்திலேயே. அதற்கடுத்ததும். ஒரு மில்லி நொடியை நெருங்கியதும் கோடு படுத்துவிட்டது. எத்தனை ஃபோட்டான் சேர்த்தாலும் எழவில்லை. பம்ப்பின் தூய்மையைச் சந்தேகித்து வடிகட்டிகளை மாற்றினோம். காந்தக் கவசத்தைச் சந்தேகித்துக் குளிரூட்டியைத் திறந்தோம். ஒவ்வொரு முறை திறந்தாலும் சூடேற்றிக் குளிர்விக்க ஒரு வாரம் போய்விடும்.

கடைசியில் குற்றவாளி க்யூபிட்டே இல்லை. அளப்பதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த டிரான்ஸ்மான். அது அவ்வப்போது வெப்பத்தால் தானாகவே கிளர்ந்து எழும். எழுந்த கணத்தில் ஒத்ததிர்வியின் அதிர்வெண் விலகும், ராட்டினம் தறிகெட்டுச் சுற்றும், டிரான்ஸ்மான் அடங்கும்போது நிலை எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. டிரான்ஸ்மானின் கிளர்ச்சி வீதத்தைத் தனியே அளந்து, எங்கள் படுத்த கோட்டின் உயரத்தோடு ஒப்பிட்டோம். இரண்டும் பொருந்தின. அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதியபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நாங்கள் மட்டும் முட்டிக்கொண்ட சுவர் அன்று இது. 2020-இல் வெளியான பாரிஸ் குழுவின் அளவீட்டிலும் இதே காரணத்தால் கோடு ஒரு மில்லி நொடி அருகே படுத்தது.

2024-இல் பாரிஸில் டிரான்ஸ்மானையே எடுத்துவிட்டு, நிலைநிறுத்தும் அதே சுற்றின் வழியாக அளந்தார்கள். பிட் புரட்டல் நேரம் பத்து நொடியைத் தாண்டியது. மில்லி நொடியிலிருந்து பத்து நொடி! அதே கருவியில் கட்டப் புரட்டல் நேரம் அரை மைக்ரோ நொடி அளவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். அரைச்சுழல் தேடும் விகிதம் அங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

2025-இல் அமேசானின் ஓசலாட் சில்லு ஐந்து பூனை க்யூபிட்டுகளை வரிசையாக வைத்துக் கட்டப் பிழையைத் திருத்தியது. அங்கே டிரான்ஸ்மான்கள் துணைக்கு மீண்டும் வந்தன, ஆனால் அவற்றோடு செய்யும் சிநாட் கேட் பிழைச் சாய்வைக் கெடுக்காதபடி வடிவமைக்கப்பட்டது. எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்தது அந்தப் பகுதி. கேட்டுக்குத் துணையாக எதைக் கொண்டுவந்தாலும், அதன் பிழை நம் க்யூபிட்டில் எந்த வகைப் பிழையாக வந்து இறங்கும் என்பதை முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் அந்தக் கணக்கைப் போடாமல் குளிரூட்டியை மூன்று முறை திறந்தோம்.

---

அரைச்சுழல்

அக்கா, நீங்கள் சொன்ன டிரான்ஸ்மானை என் நிரலில் சேர்த்துவிட்டேன். இரண்டு நிலை, சிறிய வெப்பக் கிளர்ச்சி, ஒத்ததிர்வியோடு இணைப்பு. ஃபோட்டான் எண்ணிக்கையைக் கூட்டினேன். கோடு ஏறியது, பிறகு படுத்தது. கிளர்ச்சி வீதத்தைப் பாதியாக்கினால் படுக்கும் உயரம் இரண்டு மடங்காகிறது.

வழிகாட்டி இதைத் தனி அத்தியாயமாக எழுதச் சொல்லிவிட்டார். அதிர்வெண் விலகல், நிலைநிறுத்தும் வீதத்தைவிடச் சிறியதாக இருக்கும்போது கோடு படுப்பதில்லை போலத் தெரிகிறது. அந்த எல்லை எங்கே என்று இன்றிரவு ஓட்டிப் பார்க்கிறேன்.

---

குளிரூட்டிக்காரி

ஓட்டுங்கள். விலகலை வீதத்தின் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து மடங்கு வரை மாற்றி, மடக்கைத் தாளில் வரைந்து இங்கேயே போடுங்கள். டிரான்ஸ்மான் கிளர்ந்து நிற்கும் நேரத்தில் ஆல்ஃபா எவ்வளவு பாகை நகர்கிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். 90 பாகையை எட்டும் இடத்தில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.